மாத்திரை எங்கே போய்ச் சேருகிறது? நிறையை வைத்து வரையும் படம்

காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். ரெண்டு மாசத்திலேயே இருமல் நின்று ஆள் தெளிந்துவிட்டாலும் நிறுத்தக் கூடாது. ஏன் இவ்வளவு நாள்? பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்றைக் கண்ணுக்குக் காட்டிய கருவியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது சுலபம். ஆனால் கிருமி நுரையீரலில் கிரானுலோமா என்ற கட்டிக்குள் இருக்கிறது. அதன் நடுவில் பாலாடைக்கட்டி மாதிரி செத்துப்போன திசு. அங்கே ரத்தக்குழாயே கிடையாது. மருந்து அதுவரை போகிறதா? கட்டியை அரைத்து அளந்தால் சராசரிதான் கிடைக்கும். சாம்பாரை மிக்சியில் அடித்துவிட்டு முருங்கைக்காய் எங்கே இருந்ததுன்னு கேட்கிற மாதிரி!

இதற்கு விடைதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி இமேஜிங். அதில் அதிகம் பயன்படும் வகையின் பெயர் மால்டி. முதலில் உறைந்த திசுவை சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். அதன்மேல் லேசர் ஒளியை உறிஞ்சும் ஒரு கரிமப் பொருளைத் தெளிக்கிறார்கள். அது நுண்படிகமாகக் காய்ந்துவிடும். இப்போது லேசர் ஒரு புள்ளியைச் சுடுகிறது. படிகம் ஆவியாகும்போது திசுவின் மூலக்கூறுகளையும் உடைக்காமல் கூடவே கிளப்பிக்கொண்டு போகிறது. மின்னூட்டம் பெற்ற இந்த அயனிகளை ஒரே மின்னழுத்தத்தில் தள்ளிவிட்டால், லேசானது முதலில் வந்து சேரும். அதே மின்னூட்டமுள்ள நாலு மடங்கு கனமானது இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். ஆக, நேரத்தை அளந்தால் நிறை தெரிந்துவிடும்.

பிறகு அடுத்த புள்ளி, அதற்கடுத்த புள்ளி. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு முழு நிறமாலை. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கேப்ரியோலி குழு 1997-இல் இப்படித் திசுவைப் படமாக்கிக் காட்டியது.

நம்ம மென்பொருள் மொழியில் சொன்னால், இது எல்லாவற்றையும் லாக் எழுதி வைத்துவிட்டு, கேள்வியைப் பிறகு கேட்பது. சாயமேற்றும் முறைகளில் எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இங்கே தேவையில்லை. மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற மருந்தின் நிறை ஏறக்குறைய 401. ஒரு புரோட்டான் ஒட்டிக்கொண்டால் 402. ‘402 எங்கெல்லாம் இருக்கு?’ என்று கேட்டால் வரைபடம் வந்துவிடும்.

விலை? டேட்டா. ஒரு சதுர சென்டிமீட்டர் திசுவை 50 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுட்டால் 40,000 பிக்சல்கள். பிக்சலுக்கு ஒரு லட்சம் எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்று வைத்தால் 16 ஜிபி. இடைவெளியை 10 மைக்ரோமீட்டராகக் குறைத்தால் அது 25 மடங்காகும்.

சரி, காசநோய்க்கு வருவோம். மாக்ஸிஃப்ளாக்சசின் சேர்த்து சிகிச்சையை நான்கு மாதமாகக் குறைத்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2014-இல் வந்தது. கிருமிகள் முதலில் வேகமாகக் குறைந்தன. ஆனால் பிறகு அதிகம் பேருக்கு நோய் திரும்பியது. அடுத்த ஆண்டு, அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட நோயாளிகளின் நுரையீரல் திசுவை மால்டியில் பார்த்த ஆய்வு வெளியானது. மாக்ஸிஃப்ளாக்சசின் கட்டியின் ஓரத்துச் செல்களில் குவிந்து நின்றது. நடுப்பகுதிக்குள் சரியாக இறங்கவில்லை. பழைய மருந்துகளான ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் உள்ளே போயிருந்தன. ஓரத்துக் கிருமி சாகும், நடுவில் இருப்பது காத்திருக்கும். இரண்டு முடிவுகளும் பொருந்துகின்றன இல்லையா?

ஆனால் இந்தப் படங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. பிரகாசமான பிக்சல் என்றால் மருந்து அதிகம் என்று அர்த்தமில்லை. பக்கத்தில் உள்ள உப்போ கொழுப்போ ஒரு மூலக்கூறின் சிக்னலை அமுக்கிவிடும். தெளிக்கும்போது ஈரம் கூடினால் மூலக்கூறுகள் இடம் மாறிவிடும். லியூசின், ஐசோலியூசின் போல ஒரே நிறை உள்ளவற்றை நிறை மட்டும் வைத்துப் பிரிக்கவும் முடியாது.

இன்னொன்று: அதே மாக்ஸிஃப்ளாக்சசினை ரிஃபாபென்டினோடு சேர்த்த நான்கு மாத சிகிச்சை ஆறு மாதத்துக்கு ஈடாக நின்றது என்று 2021-இல் முடிவு வந்தது. ஆக, மருந்து எங்கே போகிறது என்பது பாதிக் கேள்விதான். கூட யார் போகிறார்கள் என்பதும் முக்கியம். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு மாதம் சின்ன விஷயமில்லை.