சிலைக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணை வாசியுங்கோ



இந்த வார எபிசோட்டில் படத்தை வைத்துத் தேடுகிற செயலிகளைப் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாததால் ஒரு கதையை இந்த மடலுக்கு என்று ஒதுக்கி வைத்தேன். அது ஒரு மியூசியம் போன கதை.

டொரோண்டோவில் இருந்து மச்சாள் மூன்று நாள் லண்டன் பார்க்க வந்து, அப்டன் பார்க்கில் எங்கட வீட்டில் நின்றவ. முதல் நாள் கிரீன் ஸ்ட்ரீட்டில் சாறிக் கடைகளோடு முடிஞ்சுது. அடுத்த நாள் பிரிட்டிஷ் மியூசியம். அப்டன் பார்க் ஸ்டேஷனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி, மைல் எண்டில் அதே பிளாட்போமில் சென்ட்ரல் லைனுக்கு மாறினால் ஹோபர்ன். அங்கிருந்து கொஞ்ச நடைதான். உள்ளே போகக் காசு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரைக்கும் திறந்திருக்கும், வேலை முடிஞ்சும் போகலாம்.

எல்லாரும் போல நாங்களும் முதல் ரோசெட்டா கல்லுக்கு முன்னால் நெரிபட்டோம். பிறகு எகிப்து மம்மிகள். கால் நோகத் தொடங்கின நேரத்தில்தான் 33ஆம் அறைக்கு வந்தோம். சீனாவும் தெற்காசியாவும் இருக்கிற நீளமான அறை அது. அங்கே ஒரு பொன்னிறப் பெண் நிற்கிறா. உயரம் 143 சென்ரிமீற்றர், எங்கட அம்மம்மாவின் உயரம்தான். வலது கை ஏதோ தாறமாதிரிக் கீழே விரிஞ்சிருக்கு.

மச்சாள் போனை நீட்டினா. ஒரு விநாடியில் பதில் வந்தது: தாரா, இலங்கை, எட்டாம் நூற்றாண்டு. "சரி, தெரிஞ்சிட்டுது" என்று அடுத்த சிலைக்குப் போக வெளிக்கிட்டா. நான் மறிச்சேன். ஏனென்றால் அந்தச் சிலையின் பதிவு எண்ணில் இன்னொரு கதை இருக்கு.

1830,0612.4

இதுதான் அந்த எண். பிரிட்டிஷ் மியூசியத்தில் இந்த மாதிரி எண்களை வாசிக்கிறது லேசு. முதல் நாலு இலக்கம் மியூசியத்துக்கு வந்த வருஷம். அடுத்த நாலும் மாதமும் திகதியும். கடைசி, அன்றைக்குப் பதிஞ்ச பொருட்களில் எத்தனையாவது என்பது. அதாவது 1830 ஜூன் 12, நாலாவது பொருள்.

அந்த எண்ணை மியூசியத்தின் இணையத்தளத்தில் போட்டால் முழுப் பதிவும் திறக்கும். யார் தந்தது என்ற இடத்தில் சேர் ரொபர்ட் பிரவுன்றிக் என்று இருக்கும். 1812 முதல் 1820 வரை இலங்கையின் பிரிட்டிஷ் ஆளுநர் அவர்தான். 1815இல் கண்டி இராச்சியம் பிரிட்டிஷ்காரரிடம் விழுந்ததும் அவருடைய காலத்தில்தான். சிலை லண்டன் வந்த பிறகு, அதன் திறந்த மார்பைப் பார்த்து, பொதுமக்களுக்குக் காட்டக்கூடாது என்று ஏறக்குறைய முப்பது வருஷம் உள்ளே வைத்திருந்தார்கள். 2010இல் பிபிசி வானொலியில் நீல் மக்கிரெகர் நூறு பொருட்களால் உலக வரலாறு சொன்ன தொடரில் 54ஆவது பொருள் இவதான். அது பொட்காஸ்டாகவும் கிடைக்கும், கேளுங்கோ.

நாங்கள் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். மட்டக்களப்பில் பிறந்த அம்மம்மாவிடம் இருந்து குரல் பதிவு வந்தது: "மட்டக்களப்புப் பக்கமோ? எந்த ஊர் பிள்ளை?"

அதற்குப் பதில் இல்லை. எங்கே கிடைத்தது என்ற இடத்தில் இருக்கிறது இவ்வளவுதான்: திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில். அது நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரை. எந்த ஊர், எந்தக் காணி, யார் எடுத்தது என்று ஒன்றும் இல்லை. கொடுத்தவரின் பெயர் பட்டத்தோடு இருக்கு, ஊரின் பெயர் இல்லை. தாரா மகாயான பௌத்தத்தின் தெய்வம். இன்றைக்கு யாருடைய சிலை என்று சண்டை பிடிக்கலாம், ஆனால் ஊரின் பெயரைத் தொலைத்தது எல்லாருக்கும் சேர்ந்த நட்டம்.

"இது என்ன?" வேறு, "இது எது?" வேறு

எபிசோட்டில் சொன்ன விஷயம் இங்கேதான் வருது. போனில் தேடினால் "இது நடராஜர்" என்று சொல்லும். வகையைச் சொல்கிறது அதற்கு லேசு. "இது இந்த ஊர்க் கோயிலில் இருந்த அதே நடராஜர்" என்று சொல்லத்தான் முடியாது. அதுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் ஒன்று வேணும்.

பழைய படம் இருந்தால் வேலை நடக்கும், ஏனென்றால் தமிழ்நாட்டு ஐம்பொன் சிலைகள் மெழுகு வார்ப்பில் செய்தவை. முதலில் மெழுகில் உருவம் செய்து, அதுக்கு மேல் மண் பூசிச் சூடாக்க, மெழுகு உருகி ஓடும். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறின பிறகு மண் அச்சை உடைச்சால்தான் சிலை வெளியில் வரும். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். ஒரு விரல் வளைவு, ஒரு வெடிப்பு, பீடத்தில் ஒரு பள்ளம் எல்லாம் கைரேகை மாதிரி.

1950களின் நடுவில் இருந்து புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள், ஊர்ப் பெயரோடும் திகதியோடும். அவர்கள் கள்ளரைப் பிடிக்க எடுக்கவில்லை, ஆராய்ச்சிக்குத்தான் எடுத்தது. அந்தப் படங்கள் என்ன செய்தன என்று பாருங்கோ.

ஆனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலின் ராமர், லட்சுமணர், சீதை சிலைகள் 1978இல் களவு போனவை. 1958இல் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டதால், 2020 செப்டெம்பரில் லண்டனில் வைத்து இந்தியாவிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அதைக் கண்டுபிடிச்சது பெரிய கம்பனி ஒன்றும் இல்லை, 'இந்தியா பிரைட் புராஜெக்ட்' என்ற தன்னார்வலர் குழு.

ஒக்ஸ்போர்ட் ஆஷ்மோலியன் மியூசியத்தில் ஒரு திருமங்கையாழ்வார் சிலை. 1967இல் சதபீஸ் ஏலத்தில் வாங்கினது. அதே சிலை 1957இல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்ததைப் பழைய படத்தை வைத்து ஒரு ஆய்வாளர் 2019இல் சுட்டிக் காட்டினார். 2024இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது.

பிரிட்டிஷ் மியூசியத்தின் கதை வேறு. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் சேகரிப்பில் இருந்து பொருட்களை வெளியில் கொடுக்கிறது மிகமிகக் கஷ்டம். ஆனால் சட்டம் நாளைக்கு மாறினாலும், தாராவை எந்த ஊரில் கொண்டுபோய் வைப்பது?

வீட்டு அல்பம்

அன்றைக்கு இரவு வீட்டில் அம்மம்மா தன்ர அல்பத்தைத் திறந்தா. கோயில் திருவிழாப் படம் ஒன்று, சாமி வெளியில் வருது, சின்னப் பிள்ளைகள் முன்னால் ஓடுகினம். பின்பக்கத்தைத் திருப்பினோம். ஒன்றும் எழுதியில்லை. கோயிலின் பெயர், ஊர், வருஷம் எல்லாம் அம்மம்மாவின் தலைக்குள் மட்டும்தான். அவவுக்கு 81 வயது.

மச்சாள் பேனையை எடுத்தா. அம்மம்மா சொல்லச் சொல்ல, பதினொரு படங்களுக்கு எழுதி முடிச்சோம். ரெண்டு படத்துக்கு அவவுக்கே ஊர் ஞாபகம் வரவில்லை.

நீங்களும் இந்த வார இறுதியில் செய்யலாம்:

- படத்தின் ரெண்டு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கோ.
- ஊர், கோயில், வருஷம், யார் சொன்னது என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கோ.
- வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கிற திகதி, இட விபரங்கள் போயிடும். டொக்யுமென்டாக அனுப்புங்கோ.
- நூலகம் நிறுவனத்தின் 'ஆவணகம்' தளத்தைப் பாருங்கோ. ஈழத்துப் படங்களையும் குரல் பதிவுகளையும் அங்கே சேகரிக்கினம்.

33ஆம் அறைக்குப் போறவை தாராவின் முழுப் பதிவையும் ஒருக்கா வாசியுங்கோ. உங்கட வீட்டு அல்பத்தில் என்ன கிடைச்சுது என்று எங்களுக்கும் எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில் கதைப்பம்.