பெயர் எழுதிய கற்கள்

நுழையும்முன்

போரில் இறந்துபட்ட வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து வழிபட்டவர்கள் தமிழர்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் உலகப்போர்களில் மாண்டவர்களுக்கும் உலகெங்கும் கற்கள் நடப்பட்டன. அவற்றுள் தமிழரோடு தொடர்புடைய ஓரிடத்தை இப்பாடம் காட்டுகிறது.

காஞ்சனபுரியில்

தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் உள்ளது காஞ்சனபுரி. காஞ்சனம் என்றால் பொன். பெயரளவில் அது பொன்னகரம். அந்நகரின் தொடர்வண்டி நிலையத்திற்கு அருகில், வண்டிகள் ஓயாது விரையும் சாலையை ஒட்டி, போர்க்கல்லறைத் தோட்டம் ஒன்று அமைந்திருக்கிறது. வாயில் மண்டபத்தைக் கடந்ததும் சாலையின் இரைச்சல் பின்தங்கிவிடுகிறது. சீராக வெட்டப்பட்ட புல்வெளியில் கல்லறைகள் வரிசை பிறழாமல் நீள்கின்றன.

ஐரோப்பாவிலுள்ள போர்க்கல்லறைகளில் நிமிர்ந்து நிற்கும் வெண்கற்களைப் படங்களில் கண்டிருப்பீர்கள். இங்கு அவை இல்லை. முழங்காலுக்கும் தாழ்வான சாய்ந்த கற்பீடங்களின்மேல் வெண்கலத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பீடத்தின் அருகிலும் ஒரு பூச்செடி உண்டு. தகட்டில் இருப்பதைப் படிக்க வேண்டுமாயின் சற்றுக் குனியத்தான் வேண்டும். பெயர், படை எண், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், அகவை ஆகியவற்றுக்குக் கீழே குடும்பத்தார் எழுதித் தந்த ஓரிரு வரிகள் காணப்படுகின்றன. முதல் உலகப்போர்க் கல்லறைகளில் அவ்வரிகள் 66 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்று வரையறுத்திருந்தார்கள். மகனை இழந்த தாய் அத்தனை சிறிய இடத்தில் எதை எழுதுவாள்! பத்துத் தகடுகளைப் படிப்பதற்குள், இருபதைச் சிலவாண்டுகளே கடந்த இளைஞர்கள் எத்தனை பேர் இங்கே கிடக்கிறார்கள் என்பது புலப்பட்டுவிடும்.

இத்தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய காமன்வெல்த் நாடுகளின் படையினர். ஏறத்தாழ 1,900 பேர் நெதர்லாந்துப் படையினர். வாயில் மண்டபத்தில் பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 11 பேரின் பெயர்களும் உள்ளன. தாய்லாந்தின் இசுலாமிய அடக்கத்தலங்களில் புதைக்கப்பட்ட அவர்களது கல்லறைகளைப் பேணிக்காக்க இயலாமற் போனதால், பெயர்களையேனும் இங்குப் பொறித்து வைத்தனர்.

ஓர் ஆணையத்தின் கொள்கை

படைவீரர் ஒவ்வொருவருக்கும் தனிக்கல் என்னும் வழக்கம் ஐரோப்பாவில் பழமையானதன்று. தளபதிகளுக்குச் சிலை எழும். சிப்பாய்கள் பெருங்குழிகளில் பெயரின்றிப் புதைவர். 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது ஃபேபியன் வேர் என்னும் ஆங்கிலேயர் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்திப் பிரிவொன்றைப் பிரான்சில் நடத்தினார். படையில் சேரும் அகவையைக் கடந்துவிட்டவர் அவர். புதைத்த இடங்களைக் குறித்துவைக்க எவரும் இல்லை என்பதைக் கண்டு, தம் குழுவினரைக் கொண்டு அப்பணியைத் தொடங்கினார். அம்முயற்சி வளர்ந்து, 1917 மே 21 அன்று அரசப் பட்டயம் பெற்ற ஆணையமாயிற்று. இன்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் என்று வழங்கும் இவ்வமைப்பு இரண்டு உலகப்போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் நினைவைக் காக்கிறது. சென்னை பரங்கிமலைக்கு அருகே நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க்கல்லறைத் தோட்டமும் இதன் பொறுப்பிலேயே இருக்கிறது. அவ்வழியே நாள்தோறும் செல்வோரிலும் உள்ளே சென்று பார்த்தவர் சிலரே.

ஆணையத்தின் கொள்கைகள் எளியவை. இறந்த ஒவ்வொருவர் பெயரும் கல்லறைக் கல்லிலோ நினைவுச்சின்னத்திலோ இடம்பெற வேண்டும். கற்கள் நிலைத்து நிற்பனவாக, ஒரே அளவினவாக இருக்க வேண்டும். பதவி, இனம், சமயம் ஆகியவற்றால் வேறுபாடு காட்டலாகாது. செல்வர்கள் தம் மக்களின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசென்று தனிமாடம் எழுப்புவதையும் ஆணையம் ஏற்கவில்லை. தளபதிக்கும் சமையற்காரருக்கும் ஒரே கல்தான். பிரிட்டனின் நாடாளுமன்றத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. என் மகனின் கல்லறை எவ்வாறு இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய அரசு யார் என்று பெற்றோர் பலர் கேட்டனர். அவ்வினாவில் நியாயம் இல்லையென்று சொல்லிவிட முடியாது. எனினும் ஆணையத்தின் கொள்கையே வென்றது.

அடையாளம் தெரியாத உடல்களுக்கும் கல் உண்டு. பெயரிருக்க வேண்டிய இடத்தில், இவரை இறைவன் அறிவான் என்னும் பொருள்படும் தொடர் பொறிக்கப்படும். அத்தொடரைத் தேர்ந்தளித்தவர் எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங். 1915இல் போர்க்களத்தில் காணாமற்போன அவருடைய ஒரே மகனின் உடலும் அவர் வாழ்நாளில் அடையாளம் காணப்படவில்லை.

மரண இருப்புப்பாதை

காஞ்சனபுரியில் துயில்வோர் போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்தவர்கள் அல்லர். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியரிடம் போர்க்கைதிகளாகச் சிக்கியவர்கள். பர்மாவிலிருந்த தன் படைகளுக்குத் தளவாடங்கள் அனுப்பக் கடல்வழி பாதுகாப்பற்றதாகிவிடவே, சயாமிலிருந்து பர்மாவுக்கு மலையையும் காட்டையும் ஊடறுத்து 415 கி.மீ. நீளத்திற்கு இருப்புப்பாதை அமைக்க ஜப்பான் முனைந்தது. பல ஆண்டுகள் பிடிக்கவேண்டிய வேலை 1943 அக்டோபரில், ஓராண்டு அளவிலேயே முடிக்கப்பட்டது. உளியும் சம்மட்டியும் கொண்டு பாறையைப் பிளந்தவர்கள், கூடையில் மண் சுமந்தவர்கள், மழைக்காட்டில் மரம் வெட்டிச் சிலிப்பர் கட்டைகளைத் தோளில் தூக்கியவர்கள் ஆகியோரின் உயிரே அவ்விரைவுக்கு விலையாயிற்று. பட்டினி, மலேரியா, சீதபேதி, ஆறாப்புண், 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் பரவிய வாந்திபேதி ஆகியவை கூட்டங்கூட்டமாக மக்களைக் கொன்றன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அவர்களைப் பாதையோரத்திலேயே ஆங்காங்கே புதைத்தார்கள். பின்னர் அக்கல்லறைகளை எவ்வாறு கண்டுபிடிக்க முடிந்தது? கைதிகளிடம் படை ஒழுங்கு குலையாதிருந்தது. அதிகாரிகளும் மருத்துவர்களும் அவர்களோடு இருந்தனர். இறந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் துண்டுத்தாள்களில் மறைவாக எழுதி வைத்தனர். பிடிபட்டால் கொடிய தண்டனை என்று அறிந்தே எழுதினர். சில குறிப்புகள் பிணத்தோடு மண்ணுக்குள் மறைத்து வைக்கப்பட்டன. 1945இல் போர் முடிந்ததும் ஒரு சிறு குழு அக்குறிப்புகளைக் கையில் கொண்டு பாதைநெடுகிலும் தேடிச் சென்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை இனங்கண்டது. பின்னர் அவ்வுடல்கள் காஞ்சனபுரி, சுங்காய், பர்மாவின் தான்பியூசயாட் ஆகிய மூன்று தோட்டங்களில் சேர்க்கப்பட்டன. நெய்கே என்னும் முகாமில், பெரும்பாலும் வாந்திபேதியால் இறந்து எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 300 பேரின் சாம்பல் காஞ்சனபுரியில் இரண்டு கல்லறைகளில் வைக்கப்பட்டுள்ளது. சாம்பல் கலந்துவிட்டது, ஆனால் முந்நூறு பெயர்களும் மண்டபத்தின் பலகைகளில் தனித்தனியே உள்ளன.

கல் இல்லாதவர்கள்

அப்பாதையில் உழைத்தவர்களுள் போர்க்கைதிகள் சிறுபகுதியினரே. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர் எனப் போர்க்கைதிகளைப்போல் பன்மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் அங்கு இருந்தனர். இறந்த தொழிலாளர் 80,000 முதல் ஓர் இலட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களுள் பெரும்பான்மையினர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமற்போன காலம் அது. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாதங்களில் வீடு திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். சிலர் மனைவி மக்களோடு புறப்பட்டனர். ஆள் போதாதபோது வற்புறுத்தியும் பிடித்துச் சென்றார்கள்.

சயாமுக்குப் போனவர்களிடம் படைப்பிரிவு இல்லை, படை எண் இல்லை, பெயரை எழுதிவைக்கும் அதிகாரி இல்லை. மருத்துவம் இல்லாத முகாம்களில் வாந்திபேதி புகுந்தபோது இறந்தோரும், இறவாது கிடந்தோரும்கூட, ஒரே குழிக்குள் போனதாகப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேலே குறிப்பிட்ட மூன்று தோட்டங்களில் அவர்களுக்கு இடமில்லை. ஆணையத்தின் பொறுப்பு படையினரைப் பற்றியது, அவர்களோ கூலிகள். மலாயாவில் காத்திருந்த வீடுகளுக்கு இறப்புச் செய்தி தரும் அரசுக் கடிதமும் வரவில்லை. இறந்த நாள் தெரியாத தந்தைக்கு மகன் எந்த நாளில் திதி கொடுப்பான்?

காஞ்சனபுரியின் புகழ்பெற்ற இரும்புப் பாலத்திற்கு அருகே, 1944இல் ஜப்பானியர் தாமே எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. இறந்தவர்களுக்காக அங்குப் பதிக்கப்பட்ட பலமொழிக் கல்வெட்டுகளுள் தமிழும் ஒன்று. உயிரைக் குடித்தவர்கள் வைத்த கல்லில் நம் எழுத்தைக் காணும்போது எழும் உணர்வுக்குப் பெயரிடுவது கடினம். அந்தப் பாலத்தைப் பற்றி 1957இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படம் இலங்கையின் கித்துள்கலையில் படமாக்கப்பட்டது. அதன் கதை போர்க்கைதிகளின் கதை. தமிழ்த் தொழிலாளரைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அக்குறையை நிறைக்க முயன்றவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' புதினம் அவற்றுள் ஒன்று.

எவருக்கும் வேறுபாடு காட்டலாகாது என்று உரைத்த ஆணையமும் அதை எங்கும் காத்ததா? இராக்கின் பஸ்ராவில் முதல் உலகப்போருக்காக எழுப்பிய நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர் அனைவரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவும் எண்ணிக்கையுமாக மட்டுமே குறிக்கப்பட்டனர். 2021இல் ஆணையம் தானே வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப்போரில் மாண்ட ஆப்பிரிக்கர், இந்தியர், எகிப்தியர் முதலியோருள் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்றும் அவ்வெண்ணிக்கை 3,50,000 வரை இருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. நூறாண்டுகள் கழிந்தபின் பெயர்களைத் தேடும் பணி இப்போது நடைபெறுகிறது.

தொழிலாளர்களின் பெயர்களைத் தேட எந்த ஆணையமும் இல்லை. 1990இல் காஞ்சனபுரியில் தோண்டப்பட்ட பெருங்குழி ஒன்றில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன; அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்படுகிறது. அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. மலேசியாவில் அம்மக்களின் வழித்தோன்றல்கள் முதியோர் நினைவில் எஞ்சியிருந்தவற்றைக் கேட்டுப் பதிவு செய்யத் தொடங்கினர். தமிழர் அமைப்புகளின் முயற்சியால் 2023இல் காஞ்சனபுரியின் புத்தவிகாரை ஒன்றின் வளாகத்தில் இறந்த தமிழர்களுக்காக நினைவுக்கல் ஒன்று எழுப்பப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் நடுகல். போர்க்கல்லறைத் தோட்டத்தைக் காணச் செல்பவர் வெளியே வந்து சற்று நடந்தால் அக்கல்லையும் கண்டு திரும்பலாம்.