விருது யாருக்கு? முன்கூட்டிச் சொல்ல இயலுமா?

அமெரிக்காவின் திரைப்படக் கலை விஞ்ஞானக் கழகம் ஆண்டுதோறும் வழங்கிவரும் ஆஸ்கார் விருதுகளில், நடிப்புக்குரியவை எவருக்குக் கிட்டும் என்று முன்னதாகவே சொல்லும் முயற்சி, பத்திரிகைகளின் பொழுதுபோக்காகத் தொடங்கிப் புள்ளிவிவர இயலாரின் ஆராய்ச்சிப் பொருளாகவும் ஆகிவிட்டது. ஒரு காலத்தில் இதற்கு ஆராய்ச்சியே தேவைப்படவில்லை. முடிவுகள் பத்திரிகைகளுக்கு முன்கூட்டி இரகசியமாகத் தரப்பட்டு வந்தன. 1940ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் அவற்றை விழாவுக்கு முன்பே மாலைப் பதிப்பில் பிரசுரித்துவிட்டது. மறு ஆண்டிலிருந்து முத்திரையிட்ட உறைகள் வழக்கத்துக்கு வந்தன.

உறைக்குள் இருப்பதை வெளியிலிருந்து அறிவதெனில், வாக்களிப்போர் யார் என்பதை முதலில் அறியவேண்டும். நடிப்பு விருதுக்கான பெயர்ப்பட்டியலை நடிகர் பிரிவினர் மட்டுமே தயாரிக்கின்றனர். இறுதி வாக்கையோ எல்லாப் பிரிவினரும் அளிக்கின்றனர். வாக்குரிமை பெற்ற அங்கத்தினர் ஏறக்குறைய 10,000 பேர். அவர்களுள் நடிகர்கள் சுமார் 1,300 பேரே. அதிக வாக்குப் பெற்றவர் வென்றவராவார். ஐவர் போட்டியிடும்போது, பாதிக்கும் வெகு குறைவான வாக்குகளே வெற்றிக்குப் போதுமானவையாகக் கூடும்.

இந்த வாக்காளர்களை நேரில் விசாரிப்பது எளிதன்று. 2000ஆம் ஆண்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை அவ்விதம் விசாரிக்க முற்பட்டபோது, பதில் கூற வேண்டாமெனக் கழகம் தன் அங்கத்தினரைக் கேட்டுக்கொண்டது. ஆகவே, ஆஸ்காருக்குச் சில வாரங்கள் முன்னதாக வழங்கப்படும் பிற விருதுகளே ஊகத்துக்கு ஆதாரமாகின்றன. திரை நடிகர் சங்கத்தின் விருது 1995 முதல் வழங்கப்பட்டு வருகிறது. பிரிட்டிஷ் அகாடமியின் விருது விழா 2001இல்தான் ஆஸ்காருக்கு முந்திய தேதிக்கு மாற்றப்பட்டது. கோல்டன் குளோப் விருதை நெடுங்காலம் நிர்ணயித்து வந்தவர்கள் நூற்றுக்கும் குறைவான அயல்நாட்டுப் பத்திரிகையாளர்கள். கழகத்தின் வாக்குச் சீட்டை அவர்கள் தொட்டதே இல்லை.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பர். ஆனால், பதம் பார்க்கும் சோறு அதே பானையிலிருந்து எடுத்ததாக இருத்தல் வேண்டுமன்றோ? நடிகர் சங்கத்தின் அங்கத்தினர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோருக்குக் கழகத்தில் இடமில்லை. எண்ணிக்கையின் பெருமை இங்கு உதவாது. 1936ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டி, லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு காலப் சரியாகவே கூறியிருந்தார்.

நடிப்பு விருதுகளிலும் இத்தகைய ஏமாற்றங்கள் நேர்ந்துள்ளன. 2019இல் நடிகர் சங்க விருதும் கோல்டன் குளோப் விருதும் பெற்ற கிளென் குளோஸ் ஆஸ்காரை இழந்தார்; பிரிட்டிஷ் விருது பெற்ற ஒலிவியா கோல்மன் அதை வென்றார். 2021இல் காலஞ்சென்ற சாட்விக் போஸ்மனுக்கே விருது என்று பலரும் உறுதியாக நம்பினர். வழக்கத்துக்கு மாறாகச் சிறந்த நடிகர் விருது விழாவின் இறுதியில் வைக்கப்பட்டது. உறையைப் பிரித்தபோது வாசிக்கப்பட்ட பெயர் 83 வயதான ஆந்தனி ஹாப்கின்ஸ். அவர் அவையில் இல்லை. விழா அத்துடன் சட்டென முடிந்தது. அவருக்கும் பிரிட்டிஷ் விருது கிடைத்திருந்தது.

கழகம் 2016க்குப் பின் அயல்நாட்டினர் பலரை அங்கத்தினராக்கியதால், பிரிட்டிஷ் விருதே நம்பத்தக்க வழிகாட்டி என்று இதிலிருந்து முடிவு கட்டத் தோன்றும். அது அவசர முடிவு. 2023இல் பிரெண்டன் ஃபிரேசரும் மிஷெல் யோவும் நடிகர் சங்க விருதுடன் ஆஸ்காரையும் பெற்றனர். பிரிட்டிஷ் விருதுகளோ ஆஸ்டின் பட்லருக்கும் கேட் பிளான்செட்டுக்கும் சென்றிருந்தன. 2025இல் நிலைமை மீண்டும் மாறியது: பிரிட்டிஷ் விருது பெற்ற ஏட்ரியன் பிராடியும் மைக்கி மேடிசனும் ஆஸ்காரை வென்றனர்.

இவ்வகைக் குறிப்புகளை ஒருங்கே சேர்த்து ஒவ்வொரு போட்டியாளருக்கும் நிகழ்தகவு கணிக்கும் முறையை, பார்டோ, சைமன்டன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 2008இல் விரிவாக வெளியிட்டனர். பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் செயலை ஆராயப் பொருளாதார இயலில் பயன்படும் கணித முறையே இது. ஊகிக்க உதவுவதோடு, கடந்தகால வெற்றிகளுள் எவை மெய்யாகவே வியப்புக்குரியவை என்பதையும் அது பிரித்துக் காட்டுகிறது. இதுவே அதன் மேலான பயன் எனலாம்.

எனினும், கணக்கிடுவோருக்குக் கிடைக்கும் விவரம் சொற்பம். ஒரு பிரிவில் ஆண்டுக்கு ஒரே முடிவு. அதுவும் பெயர் மட்டுமே, வாக்கு எண்ணிக்கை அன்று. தோற்றவர் ஒரு வாக்கில் தோற்றாரா, ஓராயிரத்திலா என்பது தெரியாமையால், தவறிய ஊகம் எவ்வளவு தவறியது என்பதும் தெரிவதில்லை. திரை சற்று விலகிய சந்தர்ப்பங்கள் மிகச் சிலவே. 1932இல் ஃபிரெட்ரிக் மார்ச், வாலஸ் பீரியைவிட ஒரே வாக்கு அதிகம் பெற்றார். அக்கால விதிப்படி இருவருக்கும் விருது அளிக்கப்பட்டது. 1969இல் காதரின் ஹெப்பர்னும் பார்பரா ஸ்டிரைசாண்டும் சரிசமமான வாக்குகள் பெற்றனர்.