தள்ளாடும் தெளிப்பானும் சமமான மழையும்

வானத்து மழை வயலின் ஈசானிய மூலையென்றும் கன்னி மூலையென்றும் பேதம் பாராமல் பெய்துவிட்டுப் போகிறது. அதே காரியத்தை ஒரு குழாயையும் ஒரு துவாரத்தையும் கொண்டு மனிதன் செய்யப் புகும்போதுதான், நிலம் முழுவதிலும் ஒரே அளவாக நீரைத் தூவுவது எத்தனை நுட்பமான வேலை என்பது அவனுக்குப் புலனாகிறது. துவாரத்திலிருந்து பீறிட்டுக் கிளம்பும் தாரை தன் வேகத்துக்கு உரிய தூரத்தில் போய் விழுமேயன்றி, நடுவே கிடக்கும் மண்ணைப் பற்றிக் கவலைப்படாது. நீரின் சராசரி அளவைக் கணக்கிட்டுத் திருப்தி அடையும் விவசாயியின் வயலில், சராசரியில் நூற்றுக்கு எழுபது பங்கே பெறும் ஓர் இடம் இருக்குமானால், அவ்விடத்துப் பயிரையும் காப்பாற்ற எண்ணி அவர் நூறு பங்கு போதுமான நிலத்துக்கு ஏறத்தாழ நூற்று நாற்பத்து மூன்று பங்கு நீரை இறைக்க வேண்டியவராகிறார். மிகுதியோ வேருக்குக் கீழே இறங்கி, இட்ட உரத்தின் தழைச்சத்தையும் உடன் கொண்டு போய்விடுகிறது.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் தேடியவர்களில் ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட் முதன்மையானவர். கலிபோர்னியாவின் க்ளெண்டோராவில் எலுமிச்சை, ஆரஞ்சு இனத் தோட்டம் வைத்திருந்த அவர், 1933-ஆம் ஆண்டில், தாரையின் குறுக்கே வில்கம்பி பூட்டிய ஒரு கையை நிறுத்தினார். நீர் அந்தக் கையைத் தள்ள, வில்கம்பி அதைத் திரும்ப இழுக்க, திரும்பி வரும் கை தெளிப்பானின் உடலைத் தட்டிச் சிறிது திருப்ப, இவ்வாறு தட்டித் தட்டி அது முழு வட்டமும் சுற்றி வந்தது. 1935-இல் காப்புரிமை பெற்ற இந்தச் சாதனத்தை லா ஃபெட்ரா தம்பதியர் 'ரெயின் பேர்ட்' என்ற பெயரில் உலகெங்கும் பரப்பினார்கள். ஆயினும் அதன் தாரை நெடுந்தூரம் பாய்ந்து, வழியிலேயே துளிகளாகச் சிதறுவதற்கு மூன்று நான்கு பார் அழுத்தமாவது வேண்டியிருந்தது. ஒரு பார் என்பது நீரைப் பத்து மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சமானம் என்பதை நினைத்துப் பார்த்தால், ஆழ்கிணற்றிலிருந்து மேலே வந்து சேர்ந்த தண்ணீரை மறுபடியும் ஒரு முப்பது நாற்பது மீட்டர் ஏற்றும் செலவு இதில் மறைந்திருப்பது விளங்கும்.

1952-இல் கொலராடோ விவசாயி ஃபிராங்க் ஸைபாக், மையத்தில் ஒரு முனை நிலைத்திருக்கச் சக்கரங்களின் மேல் நின்று வயலைச் சுற்றிவரும் நீண்ட குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். நெப்ராஸ்கா முதலிய மாநிலங்களின் சமவெளிகளில் விமானத்திலிருந்து பார்ப்போருக்குப் பச்சை வட்டங்களாகத் தோன்றுபவை அந்த யந்திரத்தின் வேலைதான். நானூறு மீட்டர் நீளக் குழாய் ஒன்று ஏறத்தாழ ஐம்பது ஹெக்டேரை நனைக்கும். வட்டத்தின் விஸ்தீரணத்தில் முக்கால் பங்கு, குழாயின் வெளிப்பாதி கடக்கும் நிலத்தில்தான் இருக்கிறது. ஆகவே மையத்திலிருந்து விலக விலக, குழாயிலுள்ள நீர்முனைகள் மேலும் மேலும் மிகுதியாக நீரைச் சொரிந்தாக வேண்டும். 1973-க்குப் பின் எரிபொருள் விலை ஏறியபோது, அழுத்தத்தைக் குறைப்பதற்காகப் பள்ளக்கோடுகள் வெட்டிய அசையாத தகட்டில் நீரை மோதவிட்டுத் தெளிக்கும் முறையைப் பலர் கைக்கொண்டார்கள். அழுத்தம் குறைந்தது, ஆனால் நீர் குறுகிய வளையமாக விழுந்தது. வட்டத்தின் வெளிவிளிம்பிலோ, மண் உறிஞ்சும் வேகத்தை விஞ்சி விழுந்து வழிந்தோடியது.

குறைந்த அழுத்தமும் வேண்டும், அகன்ற பரப்பும் வேண்டும், பரப்பின் நடுவும் நனைய வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்ற வந்ததுதான் தள்ளாடும் தெளிப்பான். 1963-இல் புளோரிடாவில் தோன்றிய செனிங்கர் நிறுவனத்தின் 'வாப்ளர்' இவ்வகையில் பெயர் பெற்றது. இதில் பற்சக்கரமோ வில்கம்பியோ இல்லை; நீர்முனைக்கு எதிரே, ஒரு கூட்டுக்குள் சற்றுத் தளர்வாக அமைந்த பள்ளக்கோட்டுத் தகடு ஒன்றே அதன் உயிர்நிலை. தாரை மோதியவுடன் தகடு ஒரு பக்கம் சாய்கிறது. வளைவாக வெட்டிய பள்ளங்களில் பாய்ந்து வெளியேறும் நீரின் எதிர்விசையால், அந்தச் சாய்வின் திசை சுற்றிச் சுற்றி வருகிறது. தரையில் சுழற்றிவிட்ட நாணயம் விழப்போகும் தறுவாயில் விளிம்பு தரையைத் தொட்டபடி அதிவேகமாக ஆடினாலும் அதன் மேல் பொறித்த முத்திரை மெதுவாகவே திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தத் தகட்டின் இருவகைச் சலனமும் எளிதில் விளங்கும்.

அந்த இரண்டு சலனங்களுக்கும் தனித்தனியே பயன் உண்டு. ஆட்டத்தினால் ஒவ்வொரு பள்ளத்தின் தாரையும் ஒரு கணம் மேல்நோக்கி எழுந்து தொலைவிலும், மறுகணம் தாழ்ந்து அருகிலும் விழுகிறது. ஆதலால் மையத்துக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட நிலம் விடுபடுவதில்லை. மெதுவான திருப்பத்தினால் தாரைகள் எல்லாத் திசைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. தகடு முழுதுமே வேகமாகச் சுழன்றிருந்தால் தாரைகள் பின்னோக்கி வளைந்து, தூளாகச் சிதறி, தூரத்தை இழந்திருக்கும். அந்தக் குறை இங்கே நேர்வதில்லை. இவ்விதமாக ஒரு பார் அளவு அழுத்தத்திலேயே சுமார் பதினைந்து மீட்டர் விட்டமுள்ள வட்டம் சீராக நனைந்துவிடுகிறது.

வடிவமைப்பவருடைய சிரமம் இதற்குப் பின்புதான் ஆரம்பமாகிறது. பள்ளங்களைக் குறைத்தால் தாரை தடித்து, துளி பெரிதாகி, காற்றை எதிர்த்து நிற்கும். ஆனால் 1 மில்லிமீட்டர்த் துளியைவிட 4 மில்லிமீட்டர்த் துளி அறுபத்து நான்கு மடங்கு கனமானது என்பதால், வெற்று மண்ணில் அது சம்மட்டிபோல் விழுந்து, மேற்பரப்பை இறுக்கி, நீர் புகாத ஏடாக்கிவிடும். பள்ளங்களைக் கூட்டினால் துளி சிறுத்து மண்ணுக்கு இதமாகும். காற்றோ அதை அடித்துக்கொண்டு போகும். சாய்வின் கோணம் அதிகமானால் அதிர்வு மிகும். அந்த அதிர்வு இரும்புக் குழாயில் பரவாமலிருக்க, கனம் கட்டிய நெகிழ்குழாயில் தெளிப்பானைத் தொங்கவிடுவது வழக்கம். தகடு சாயாமல் நட்டநடுவே நிலைத்துவிட்டால் ஆட்டமே தொடங்காது. ஆதலின் ஓய்விலும் அது ஒரு பக்கம் ஒதுங்கியே இருக்கும்படி செய்யவேண்டியிருக்கிறது.

இத்தனை நுட்பமும் பலித்ததா என்று அறிய, 1942-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வெளியீடொன்றில் ஜே. ஈ. கிறிஸ்டியன்சன் வகுத்த பிரமாணம் இன்றும் துணை நிற்கிறது. வயலில் ஒரே மாதிரியான பாத்திரங்களை வரிசையாக வைத்து, அவற்றில் சேர்ந்த நீரை அளந்து, ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காண வேண்டும். நான்கு பாத்திரங்களில் 80, 90, 110, 120 மில்லிலிட்டர் சேர்ந்திருந்தால் சராசரி 100. விலகல்களின் சராசரி 15. இது சராசரியில் நூற்றுக்கு 15 ஆதலால், அதை நூறிலிருந்து கழிக்கக் கிடைக்கும் சமச்சீர் குணகம் நூற்றுக்கு 85. நல்ல பாசனத்துக்கு ஏறத்தாழ இந்த அளவாவது வேண்டுமென்பது துறையோரின் மதிப்பு.

ஆனால் இந்தக் குணகம் தனியொரு தெளிப்பானின் புகழ்ச்சியன்று என்பதை மறக்கலாகாது. அழுத்தம் நூற்றுக்கு இருபது பங்கு மாறினால் நீரளவு பத்துப் பங்கு மாறும்; மேடுபள்ளமான வயலில் அழுத்தத்தை நிலைநிறுத்தும் கருவி இல்லையென்றால், எவ்வளவு நேர்த்தியான தகடும் அந்தப் பிழையைத் திருத்த இயலாது. ஒன்றன் வட்டம் மற்றொன்றன் வட்டத்தின் மேல் படியும்படி இடைவெளியைத் தேர்ந்தெடுப்பதும், மணல் தேய்த்த முனையைக் காலத்தில் மாற்றுவதும், காற்று ஓய்ந்த நேரத்தில் பாய்ச்சுவதும் விவசாயியின் பொறுப்பு. வரிசையாகச் சில டப்பாக்களை வைத்து அளந்து பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். அதைச் செய்யாமல் தெளிப்பானின் பெயரை மட்டும் நம்பி நீர் பாய்ச்சுகிறவர், சமமாகப் பாய்கிறது என்பதற்கு எந்தச் சாட்சியமும் இல்லாதவரே.