முதல் டிரெய்லர் லாரி: எத்தனை லிட்டர் இன்ஜின் போதும்?

அமெரிக்காவில் சம்பளத்துக்கு லாரி ஓட்டுகிற பலருக்கு, நாலைந்து வருஷத்தில் சொந்த வண்டி வாங்கும் ஆசை வந்துவிடும். முன்னால் இழுவை வண்டி, பின்னால் நீண்ட டிரெய்லர் என ஓடும் 'செமி டிரக்'தான் அவர்கள் வாங்குவது. எந்த கம்பெனி வண்டி, எத்தனை பெரிய கேபின் என்பதெல்லாம் சீக்கிரம் முடிவாகிவிடும். இன்ஜினுக்கு வரும்போது தடுமாற்றம்: 13 லிட்டரா, 15 லிட்டரா? யாரைக் கேட்டாலும் "பெரிசாவே வாங்கிடு" என்பார்கள். ஆனால் தவணை கட்டப்போவது வாங்குகிறவர்தான். ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

லிட்டர் வேறு, குதிரைத்திறன் வேறு

ஆறு சிலிண்டர்களிலும் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் மொத்தக் கொள்ளளவைத்தான் லிட்டரில் சொல்கிறார்கள். டெட்ராய்ட் டிடி13, வால்வோ டி13, பேக்கார் எம்எக்ஸ்-13, மேக் எம்பி8 ஆகியவை 13 லிட்டர் வகை. கம்மின்ஸ் எக்ஸ்15, டெட்ராய்ட் டிடி15 ஆகியவை 15 லிட்டர் வகை.

13 லிட்டர் இன்ஜின்கள் சுமார் 500 குதிரைத்திறன் வரை கிடைக்கின்றன. எக்ஸ்15 இன்ஜினோ 400-இல் தொடங்கி 600-ஐத் தாண்டிப் போகிறது. அதாவது 450 குதிரைத்திறன் வேண்டுமென்றால் இரண்டு அளவிலும் வாங்கலாம். எனவே 'எவ்வளவு சக்தி வேண்டும்' என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். லிட்டர் அதற்கு அடுத்த கேள்வி.

எவ்வளவு சக்தி வேண்டும்?

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் வண்டியும் சரக்கும் சேர்ந்து 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் வரை போகலாம். அந்த எடையோடு சமதளத்தில் மணிக்கு 65 மைல் வேகத்தில் ஓட, சக்கரங்களுக்கு ஏறத்தாழ 200 குதிரைத்திறன் போதும். அதில் பாதிக்கு மேல் எதிர்காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. 500 குதிரைத்திறன் வாங்கியவருக்கும் சமதளத்தில் அதில் பாதிகூடத் தேவைப்படாது.

வித்தியாசம் தெரிவது மேட்டில்தான். ஓரிகன் மாநிலத்தில் ஐ-84 சாலையில் உள்ள கேபேஜ் ஹில் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சரிவு 6 சதவீதம். நூறு அடி போனால் ஆறு அடி உயரம். முழு எடையோடு அப்படி ஒரு மேட்டில் மணிக்கு 30 மைல் வேகத்தில் ஏற, சக்கரத்தில் சுமார் 430 குதிரைத்திறன் வேண்டும். கியர், ஆக்ஸில், ஃபேன் ஆகியவை எடுத்துக்கொள்வது போக அதைக் கொடுக்க 500 குதிரைத்திறன் இன்ஜின் தேவை. 425 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் வேகம் 25 மைலுக்கு இறங்கும்.

ஆறு மைல் ஏற்றம் என்று வைத்தால் முதல் வண்டிக்கு 12 நிமிஷம், இரண்டாவதற்கு பதினாலரை நிமிஷம். பெரிய இன்ஜினுக்குக் கொடுத்த கூடுதல் பணம் வாங்கித் தந்தது இரண்டரை நிமிஷம். தினமும் நாலைந்து மலை ஏறுகிறவருக்கு அது பெரிசு. டெக்சாஸ் சமவெளியில் ஓடுகிறவருக்கு அதில் பிரயோஜனம் இல்லை.

சிறிய இன்ஜின் இந்த எடையைத் தாங்குமா என்ற பயமும் வேண்டாம். 1987-இல் வந்த டெட்ராய்ட் சீரிஸ் 60 இன்ஜினில் பெரும்பேர் வாங்கியது 12.7 லிட்டர்தான். இதே 80,000 பவுண்டை அது வருஷக்கணக்கில் இழுத்திருக்கிறது.

டார்க்கும் ஆக்ஸிலும்

மேட்டில் கியரைக் குறைக்காமல் இழுத்துப் பிடிப்பது டார்க். இன்றைய 13 லிட்டர் இன்ஜின்கள் சிலவற்றிலும் 1,850 பவுண்டு-அடி வரை கிடைக்கிறது. டிடி15-இன் உச்சமும் அதுவே. அந்த டார்க் சக்கரத்துக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பது பின் ஆக்ஸில் விகிதத்தைப் பொறுத்தது. விகிதம் குறைந்தால் நெடுஞ்சாலையில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், டீசல் மிச்சமாகும். கூடினால் மேட்டிலும் மண் சாலையிலும் இழுவை நன்றாக இருக்கும். சமவெளிக்கு அமைத்த ஆக்ஸிலோடு மலைப்பாதைக்குப் போனால் 15 லிட்டர் இன்ஜினும் திணறும். வாங்கும் முன் இந்த எண்ணைக் கட்டாயம் கேளுங்கள்.

15 லிட்டர் யாருக்கு?

மிச்சிகனில் பதினோரு ஆக்ஸில் வண்டிகள் 1,64,000 பவுண்டு வரை ஏற்றலாம். மேற்குக் கனடாவில் இரட்டை டிரெய்லர்கள் 63,500 கிலோ வரை இழுக்கின்றன. இந்த மாதிரி வேலைக்கும், ராட்சத இயந்திரங்களை ஏற்றிப்போகும் வேலைக்கும் 15 லிட்டர் தேவையே. அங்கே சின்ன இன்ஜினை நாள் முழுக்க உச்சத்தில் வைத்து ஓட்டினால் ஆயுள் குறையும்.

இன்னொரு காரணம் இறக்கம். மலையிலிருந்து இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு இன்ஜின் பிரேக்குக்கு. கொள்ளளவு கூடினால் பொதுவாக அந்தப் பிடிப்பும் கூடும். சக்கர பிரேக்குகள் சூடாகிக் கைவிடும் ஆபத்து குறையும். தினமும் ராக்கி மலைகளைக் கடக்கிறவர் இதற்காகவே 15 லிட்டர் வாங்கினால் தப்பில்லை. விற்கும்போதும் அதற்கு நல்ல விலை கிடைக்கும்.

மறுபக்கம், 13 லிட்டர் இன்ஜினின் எடை சுமார் 300, 400 பவுண்டு குறைவு. டேங்கர், தானியம் என்று எடைக்கு வாடகை வாங்குகிறவருக்கு அவ்வளவு சரக்கு கூடுதலாக ஏறும்.

பழைய வண்டி என்றால்

பெரும்பாலோருக்கு முதல் வண்டி செகண்ட் ஹேண்ட்தான். அங்கே லிட்டரைவிட இன்ஜினின் நிலைமை முக்கியம். இன்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான தகவல்களை எடுத்துப் பாருங்கள். ஆயிலை லேபில் சோதியுங்கள். ஓடும் இன்ஜினின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை பலமாகப் பீறிட்டால் ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்ய இருபதாயிரம் டாலருக்கு மேல் போய்விடும். மாடல் வருஷத்தையும் கவனியுங்கள்: 2010-க்கு முந்தைய இன்ஜினோடு கலிபோர்னியாவுக்குள் ஓடுவது இன்று ஏறக்குறைய முடியாத காரியம்.

மூடிய டிரெய்லரில் சாதாரண சரக்கை இன்டர்ஸ்டேட்டில் கொண்டுபோகப் போகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: 425 முதல் 450 குதிரைத்திறன், 13 லிட்டர், பாதைக்கேற்ற ஆக்ஸில், ஒழுங்கான சர்வீஸ் பதிவு. நீங்கள் ஓடும் பாதையில் அந்த இன்ஜினைத் தெரிந்த மெக்கானிக் இருக்கவும் வேண்டும். மிச்சப்படும் பணத்தை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். முதல் வருஷத்தில் சொந்த வண்டிக்காரரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் எதிர்பாராத ஒரு ரிப்பேர் பில்தான்.