பொதுக் காணியும் வேடர் உரிமையும்

கமக்காரர் பலர் தம் வயலுக்கு அப்பாலுள்ள காட்டை ‘வெறுங் காணி’ என்று கூறுவது வழக்கம். வேலியில்லை, உறுதி வைத்திருப்போர் எவருமில்லை, ஆகவே அஃது ஒருவருக்கும் உரியதன்று என எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. குளத்துக்கு நீர் வருவது அக்காட்டிலிருந்தே. அதனை நம்பிப் பல தலைமுறையாக வாழ்ந்தோரும் உளர்.

வேடரின் எல்லைகள்

இலங்கையின் மிகப் பழைய குடிகள் வேடர். மகியங்கனைக்கு அண்மையிலுள்ள தம்பானையிலும், அம்பாறை மாவட்டத்துப் பொல்லெபெத்தையிலும் இவர்கள் வாழ்கின்றனர். வாகரை முதலிய கிழக்குக் கரையோரத்து வேடர் தமிழ் பேசுவோர். காட்டு வேடரிடையே ஒவ்வொரு குடும்பக் கூட்டத்துக்கும் உரிய வேட்டை நிலமும், தேன் எடுக்கும் பாறைகளும் இருந்தமையைச் செலிக்மன் தம்பதியர் 1911 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் பதிவு செய்துள்ளனர். உறுதி எழுதப்படாவிடினும் எல்லை இருந்தது. அயலார் அதனை மதித்தனர்.

சட்டமும் சேனையும்

1840 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த காணிகளை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியன எனக் கொண்டது. சேனை செய்வோர் காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்துக் குரக்கனும் சோளமும் விதைப்பர். ஓரிரு போகத்தின் பின் மண் வளம் மீளும்பொருட்டு அதனைப் பல ஆண்டுகள் ஓய விடுவர். அவ்வாறு ஓய்ந்திருக்கும் நிலம், அறியாதார் கண்ணுக்குக் கைவிடப்பட்ட காணியாகவே தோன்றும். எழுத்தில் ஆதாரமில்லாதோர் தம் உரிமையை நிலைநாட்டுதல் அரிதாயிற்று.

நீர் தந்த கடன்

1949 ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் அம்பாறைப் பகுதியிற் பல்லாயிரம் ஏக்கர் வயல் விளைகின்றது. அவ்வயல்களுக்கு நீர் தரும் சேனாநாயக்க சமுத்திரத்தின் அடியிலே வேடர் வாழ்ந்த இடங்களும் வேட்டைக் காடுகளும் மூழ்கின.

1983 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஏறக்குறைய 58,850 ஹெக்டயர் பரப்புள்ள மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஐந்து நீர்த்தேக்கங்களின் நீரேந்து பகுதியைக் காத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அந்நோக்கம் கமக்காரருக்கு நன்மையானதே. ஆயினும் அதனால் வேடர் வேட்டையாடுதலும் தேன் எடுத்தலும் குற்றமாயின. குடும்பங்கள் பல ஹெனானிகலை முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் திசாஹாமியும் சிலரும் தம்பானையை விட்டு நீங்க மறுத்தனர். அவர் 1998 ஆம் ஆண்டு காலமானார். மகன் வன்னில அத்தோ தலைவரானார்.

காட்டைக் காத்தல் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்டை நன்கறிந்தோரைக் கேளாது காக்க முற்பட்டமையே குறையாயிற்று. பூர்வீகக் குடிகளின் காணியைப் பாதிக்கும் கருமங்களில் அவர்தம் சம்மதத்தை முன்கூட்டியே நாடல் வேண்டும் என்பது 2007 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பிரகடனத்தின் கருத்து. இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. எனினும் 2020 ஆம் ஆண்டில், றம்பக்கன் ஓயாப் பகுதியிற் சோளச் செய்கைக்காகக் காடு அழிக்கப்படுவதாகக் கூறி, வன்னில அத்தோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட நேர்ந்தது.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. காடு வெட்டுமுன் அக்காணி எவ்வகையானது என்பதைப் பிரதேச செயலகத்தில் அறிதல் வேண்டும். எழுத்தில் அனுமதி பெறாது, பிறர் வாய்ச்சொல்லை நம்பி வெட்டுதல் ஆகாது.

2. அயலிலுள்ள முதியோரை வினவுதல் வேண்டும். தேன் எடுக்கும் மரம், மூலிகை நிலம், வழிபாட்டிடம், இடுகாடு, மேய்ச்சற்றரை, நடைபாதை ஆகியன இருப்பின் அவற்றை விட்டுவிடல் வேண்டும்.

3. குளத்தின் நீரேந்து பகுதியையும் ஆற்றங்கரையையும் வெட்டலாகாது. வெட்டின் மழைக்கு மண் கரைந்து குளத்தை அடைக்கும். முதலிற் பாதிக்கப்படுவது வெட்டியவரின் வயலே.

4. பயிர் பூக்குங் காலத்திற் பூச்சிநாசினி தெளித்தலைத் தவிர்த்தல் நன்று. தவிர்க்க இயலாவிடின் தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையிலே தெளித்தல் வேண்டும். தேனீ குறையின் காட்டாரின் தேனும் குறையும். பூசணி, பாகல் முதலியவற்றின் காயும் குறையும்.

5. பயிர்ச்செய்கைக் கூட்டங்களிற் காட்டையண்டி வாழ்வோரையும் அழைத்து, நீரும் நிலமும் பற்றி அவர் கூறுவதைக் கேட்டல் வேண்டும். வேடருள்ளும் இன்று வயல் செய்வோர் பலர் உளர்.

தன் வயலின் வரம்பை அயலவன் ஒரு சாண் வெட்டினாலும் கமக்காரன் பொறான். வரம்பு கட்டாத காட்டிலும் பிறருக்கு உரிமை உண்டு என்பதை அவனன்றி வேறு யார் எளிதில் உணரவல்லார்?