ஓடினால் வண்டி, நின்றால் வீடு!

குழந்தை குட்டிகளுடன் வெளியூர் கிளம்புவது என்றால், போகிற உற்சாகத்தைவிடத் தங்குகிற கவலைதான் நமக்குப் பெரிது. நல்ல அறை கிடைக்குமா? கிடைத்தாலும் சுத்தமாக இருக்குமா? சின்னவன் நடு ராத்திரியில் பசி என்று அழுதால் பால் காய்ச்ச வழி உண்டா? வீட்டையே கூட எடுத்துக்கொண்டு போய்விட முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று பெருமூச்சு விடாத தாய்மார்கள் உண்டா, சொல்லுங்கள்!

அப்படி எடுத்துக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏறிப் போகும் வாகனத்துக்குக் 'கேம்பர் வேன்' என்று பெயர். வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்னதாக ஒரு குளிர்ப்பெட்டி எல்லாம் இருக்கும். பெரிய வண்டியானால் கழிப்பறையும் உண்டு. பகலில் சாப்பாட்டு மேஜையாக இருந்தது, இரவில் பலகையும் மெத்தையும் சேர்ந்து கட்டிலாகிவிடும்.

இந்த ஆசை இன்று நேற்றுப் பிறந்ததல்ல. 1885-ஆம் வருஷத்திலேயே கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பிரிஸ்டலில் இருந்த வண்டித் தொழிற்சாலை ஒன்றில் சொல்லி, வீடு போன்ற ஒரு குதிரை வண்டியைச் செய்வித்தார். அவர் டாக்டர், சிறுவர் கதைகள் எழுதிப் பெயர் வாங்கியவர். சுமார் இரண்டு டன் கனமுள்ள அந்த வண்டியை இரண்டு குதிரைகள் இழுக்க, இங்கிலாந்தின் தெற்குப் பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். வேலைக்காரர் ஒருவர் மூன்று சக்கரச் சைக்கிளில் முன்னால் போய் வழி பார்த்துச் சொல்வாராம்!

பிறகு 1950-இல் ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் வேன் வெளிவந்தது. மறு வருஷமே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி, அந்த வேனுக்குள் பொருத்தவும் எடுக்கவும் கூடிய படுக்கையும் அலமாரியும் செய்து விற்றது. வேலைக்காரரும் குதிரையும் வைத்துக்கொள்ள முடியாத குடும்பங்களுக்கும் அன்றுமுதல் ஓடும் வீடு எட்டியது.

இன்று இந்தப் பிரயாணத்துக்குப் பேர்போன தேசம் நியூஜிலாந்து. நம்மைப் போலவே அங்கும் சாலையில் இடப்பக்கம்தான் போகவேண்டும். மலை, ஏரி, கடற்கரை என்று அழகான இடங்களில் எல்லாம், வண்டியை நிறுத்தித் தங்குவதற்கு அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்பு இலாகா இருநூறுக்கும் மேற்பட்ட முகாம்களை நடத்துகிறது. அங்கே குழந்தைகளுடன் போகிறவர்கள் ஒரே ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்: ஓடும்போது அது வண்டி, நின்றால்தான் வீடு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும்போதுதான் அபாயம் வருகிறது.

ஓடும்போது

கட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குழந்தையோ தூங்கி வழிகிறது. அப்படியே தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டால் என்ன?

கூடவே கூடாது! டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் வண்டி நிற்கும்; கட்டிலில் கிடக்கும் குழந்தை நிற்காது. வந்த வேகத்திலேயே முன்னால் வந்து மோதும். நியூஜிலாந்துச் சட்டப்படி ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை, அவர்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி ஆசனத்தில்தான் கட்டி உட்காரவைக்க வேண்டும். அந்த ஆசனத்தைப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும் இருக்கையில் பொருத்தலாகாது. பல வேன்களில் மேஜையைச் சுற்றியுள்ள இருக்கைகளில் சில அப்படிப்பட்டவைதாம். ஆகவே, ஆறு பேர் படுக்கக்கூடிய வண்டி என்றால் ஆறு பேரும் பத்திரமாக உட்காரக்கூடிய வண்டி என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு.

குழந்தைக்கு மட்டுமல்ல, சாமான்களுக்கும் இதே நியாயம்தான். கிளம்புமுன் அலமாரிக் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா, காஸ் சிலிண்டரின் வால்வு மூடியிருக்கிறதா, கூரை ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மேஜைமேல் மறந்து வைத்த சாஸ்பான், வளைவில் திரும்பும்போது பீரங்கிக் குண்டாகிவிடும். பிரயாணம் வருபவர்களில் எட்டு, பத்து வயதுப் பிள்ளை இருந்தால், இந்தச் சோதனையை ஒரு காகிதத்தில் எழுதி அவன் கையில் கொடுத்துவிடுங்கள். 'எல்லாம் சரி' என்று அவன் சொன்ன பிறகுதான் அப்பா சாவியைத் திருகலாம் என்று வைத்தால், அவனைப்போல் கண்டிப்பான அதிகாரி வேறு யாரும் கிடைக்கமாட்டார்.

தூரத்தையும் பேராசையுடன் திட்டமிடக்கூடாது. கிரைஸ்ட்சர்ச் நகரிலிருந்து டெகாப்போ ஏரிக்குச் சுமார் 230 கிலோமீட்டர்தான். காரில் மூன்று மணி நேரம் என்பார்கள். ஆனால் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட கனரக வண்டியானால், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டச் சட்டம் இடம் கொடுக்காது. மலைச் சாலையில் வளைவுகள் அதிகம். ஒரு சமயத்தில் ஒரு பக்கத்து வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றை வழிப் பாலங்களும் உண்டு. காற்றடித்தால் உயரமான வேனைப் பக்கவாட்டில் தள்ளும். குழந்தைகளும் ஒன்றரை மணிக்கொரு தரம் இறங்கி ஓடாமல் இருக்கமாட்டார்கள். அந்த ஒரு தூரத்துக்கே ஒரு நாளை ஒதுக்கிவிடுவது உத்தமம்.

நின்ற பிறகு

ஏரிக்கரையில் வண்டி நின்றுவிட்டது. கை பிரேக் போட்டாகிவிட்டது. இனிமேல் அது வீடு. ஆனால் மிகச் சின்ன வீடு என்பதை மறந்துவிடக்கூடாது.

குளிர்ப் பிரதேசம் அல்லவா? ராத்திரி ஜன்னல்களையெல்லாம் இறுக மூடிவிட்டு, அடுப்பை எரியவிட்டுக் குளிர் காயலாமே என்று தோன்றும். கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு உறங்கப் போனவர்கள் மறுநாள் எழுந்திருக்காமலே போனது உண்டு. காரணம், கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். சமையல் அடுப்பு சமையலுக்கு மட்டும்தான். அப்போதும் காற்று வர வழி திறந்திருக்க வேண்டும். கரி அடுப்பு எப்போதும் வெளியேதான். அந்த வாயுவைக் கண்டு மணியடிக்கும் கருவி வண்டியில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்குக் கம்பளியை நம்பலாம். மூடிய அறைக்குள் நெருப்பை நம்பலாகாது.

இந்தச் சின்ன வீட்டில் தண்ணீரும் அளவுதான். வெளி உதவி எதுவுமின்றி மூன்று நாள் சமாளிக்கக்கூடிய வண்டி என்று சான்று பெறுவதற்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதமாவது தண்ணீர் வைக்கும் வசதி வேண்டும். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு 48 லிட்டர்! வீட்டில் பல் தேய்த்து முடிக்கும் வரை குழாயைத் திறந்துவிட்டு நிற்கும் பிள்ளை, இங்கே இரண்டே நாளில் ஒரு டம்ளர் தண்ணீரில் காரியத்தை முடிக்கக் கற்றுக்கொண்டுவிடுவான். எந்த உபதேசமும் செய்யாத வேலையைக் காலித் தொட்டி செய்துவிடும்.

கழிவு நீரை நினைத்த இடத்தில் கொட்டக்கூடாது. அதற்கென்றே ஊருக்கு ஊர் தனி இடம் உண்டு. ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் இலவசமாகத் தங்குவதை ஒழுங்குபடுத்த 2011-இல் ஒரு சட்டம் வந்தது. மேற்சொன்ன சான்று வேண்டுமானால் கழிப்பறை வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2023-இல் கண்டிப்பு செய்தார்கள். தொட்டியைக் காலி செய்யும் வேலை யாருக்கு என்று கேட்கிறீர்களா? பெரும்பாலும் அது அப்பா தலையில்தான் விடிகிறது!

ஈயும் கிளியும்

விருந்தாளிகளும் வருவார்கள். தெற்குத் தீவின் மேற்குக் கரையில் 'சாண்ட்ஃப்ளை' என்ற சின்னஞ்சிறு கறுப்பு ஈ. 1773-இல் அங்கே போன காப்டன் குக்கே அதன் தொல்லையைக் குறித்து வைத்திருக்கிறார். கடிப்பவை பெண் ஈக்கள்தாம். பகலில்தான் அவற்றின் ஆட்சி. முழுக்கைச் சட்டையும் பூச்சி விரட்டும் களிம்பும் இருந்தால் சமாளிக்கலாம். மலைப் பக்கத்தில் 'கியா' என்று ஒரு பச்சைக் கிளி. வண்டிமேல் உட்கார்ந்து ஜன்னல் ரப்பரைப் பிய்த்து எடுத்துவிடும்! குழந்தைகளுக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. ஆனால் தின்பண்டம் போட்டுப் பழக்கக்கூடாது. அது அந்தப் பறவைக்கே கெடுதல்.

மழை பிடித்துக்கொண்டால்தான் சோதனை. மில்ஃபோர்ட் சவுண்டில் வருஷத்துக்கு ஆறு மீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. ஈரச் சட்டையும் சண்டை போடும் இரண்டு பிள்ளைகளுமாக ஒரு வேனுக்குள் ஒரு முழு நாள் என்றால் யாருக்கும் பொறுமை போய்விடும். அப்படிப்பட்ட நாளில் செலவைப் பார்க்காமல், பொதுச் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள தனியார் முகாமுக்குப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம்.

மழை விட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். பனிமலை அரைத்து அனுப்பிய பாறைத் தூள் கலந்து, டெகாப்போ ஏரி பால் கலந்த நீலமாக மின்னும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். 'இன்னும் பகலாக இருக்கிறதே, ஏன் தூங்கவேண்டும்?' என்று குழந்தைகள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்! அன்று ஒரு நாள் அவர்களை விழித்திருக்க விடுங்கள். விளக்கொளி கெடுக்காத வானம் என்று 2012-இல் சர்வதேச அங்கீகாரம் பெற்ற பிரதேசம் அது. நட்சத்திரங்களை அவ்வளவு நெருக்கமாக நம் பட்டணத்துப் பிள்ளைகள் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

உங்களில் யாரேனும் பிள்ளைகளைப் பார்க்க அந்தத் தேசத்துக்குப் போய், பேரன் பேத்திகளோடு கேம்பர் வேன் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், 'எத்தனை பேர் படுக்கலாம்?' என்று முதலில் கேட்காதீர்கள். 'எத்தனை குழந்தைகளைப் பெல்ட் போட்டு உட்காரவைக்கலாம்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைத்த பிறகு, கட்டிலைப் பற்றி விசாரித்துக்கொள்ளலாம்.